சேதராப்பட்டில் சான் ஜோர்டி

ஏப்ரல் 23ஆம் தேதி புதுச்சேரிப் பிரதேசத்துச் சேதராப்பட்டில் யாரிடமும் காசு கேட்கக் கூடாது. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வீடுகளுக்குச் சம்பளம் வருவது ஏழாம் தேதி, தப்பினால் பத்தாம் தேதி. இருபது தாண்டிவிட்டால் மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்குகிற காலம். போதாக்குறைக்குச் சித்திரை வேறு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மொய்ப்பணமே கையைக் கடித்திருக்கும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்தும், ஊரில் சின்ன வாசகசாலை ஒன்றை நடத்திவரும் பெண்மணி தன் நூலகத்துக்கான வசூலை அந்தத் தேதியில்தான் வைக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் ‘லைப்ரரி அக்கா’. இந்தக் கட்டுரையிலும் அவர் அப்படியே இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்பது அவர் கட்டளை.

அந்தத் தேதி கத்தலோனியாவிலிருந்து வந்தது. ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட தன்னாட்சிப் பகுதி அது. புனித ஜார்ஜியார்தான் அவர்களுக்குக் காவல் புனிதர். அவர்கள் பேச்சில் அவர் சான் ஜோர்டி, ஏப்ரல் 23 அவருடைய திருநாள். அன்று ஆண்கள் பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுப்பது பழைய வழக்கம். அந்த நாளுக்கென்றே பார்சிலோனாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே ரோஜாச் சந்தை கூடியிருக்கிறது.

புத்தகம் இதற்குள் நுழைந்தது மிகவும் பிந்தி. நுழைத்தவர் ஒரு பதிப்பாளர். வாலென்சியாவில் பிறந்து பார்சிலோனாவில் செர்வாண்டெஸ் பதிப்பகம் நடத்திய விசென்ட் கிளாவெல், புத்தகத்துக்கென்று ஆண்டில் ஒரு நாள் வேண்டும் என்று புத்தக வணிகர்களின் சபையிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1926 பிப்ரவரியில் அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, எழுத்தாளர் செர்வாண்டெஸ் பிறந்த நாளாகக் கருதப்பட்ட தேதியில், முதல் புத்தக நாள் நடந்தது. இலையுதிர் காலத்தில் தெருவில் கடை போட்டு விற்பது தோதுப்படவில்லை. 1930இல் நாளை வசந்தத்துக்கு மாற்றினார்கள். செர்வாண்டெஸ் நினைவு நாளும் ஜார்ஜியார் திருநாளும் ஒன்றாக வரும் ஏப்ரல் 23 வசமாக அமைந்தது. ரோஜாவும் புத்தகமும் சேர்ந்துகொண்டன. 1995இல் யுனெஸ்கோ அதையே உலகப் புத்தக நாளாக அறிவித்தது. இன்று கத்தலோனியாவில் அந்த ஒரே நாளில் பதினைந்து இலட்சத்துக்கு மேல் புத்தகங்கள் விற்கின்றன, ரோஜாக்கள் அதைப்போலச் சில மடங்கு.

இந்தக் கதையைச் சொல்லும்போது, வியாபாரப் பகுதி வந்ததும் லைப்ரரி அக்காவின் குரல் உயரும். நம் ஊரில் உலகப் புத்தக நாள் என்றால் மேடை, பொன்னாடை, ‘வாசிப்பை நேசிப்போம்’ என்று ஒரு பேனர். யாரும் ஒரு புத்தகம் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த நாளை உண்டாக்கியவர்களோ விற்பதற்காகவே உண்டாக்கினார்கள். விற்பனை தேறவில்லை என்று தேதியைக்கூட மாற்றினார்கள். நூலகத்துக்குப் பணம் திரட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கூச்சமின்மையைத்தான் என்பார் அவர்.

ஜார்ஜியார் டிராகனைக் கொன்று இளவரசியை மீட்ட கதையையும், சிந்திய இரத்தத்தில் ரோஜாச் செடி முளைத்த கதையையும் பிள்ளைகளிடம் விளக்கச் சிரமமே இல்லை. சூரன் மயில் வடிவ மலையாகித் தவம் கிடந்ததாகத் தலபுராணம் சொல்லும் மயிலம், சேதராப்பட்டு வழியாகப் போகிற அதே ரோட்டில் இருக்கிறது. ஈட்டி பிடித்த ஜார்ஜியார் படத்தைப் பார்த்ததும் ஒரு பையன் கேட்டான்: “மயிலுக்குப் பதிலா குதிரை, அவ்ளோதானேக்கா?”

அவ்வளவுதான்.

சேதராப்பட்டை வரைபடத்தில் பார்த்தால் பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன வில்லங்கம் புரியும். புதுச்சேரிப் பிரதேசம் ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே தமிழ்நாடு. சேதராப்பட்டும் பக்கத்துக் கிராமங்களும் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தவை. நாலு வயல் தாண்டினால் வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். அந்தப் பக்கத்து வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமான 1948ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. இந்தப் பக்கத்தில் அரசு நூலகங்களைக் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. புதுச்சேரி நகரத்தில் 1827இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. 1966இல், ரோமன் ரோலான் நூற்றாண்டில், அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். பெருமைக்குரிய நூலகம்தான். ஆனால் ஷிப்ட் முடித்து வருகிறவர் பஸ் பிடித்துப் பதினைந்து கிலோமீட்டர் போய் நாவல் எடுத்துவர மாட்டார். லைப்ரரி அக்காவின் வாசகசாலை தனியார் முயற்சி. அந்தப் பக்கத்து வரியும் இதற்கு வராது, இந்தப் பக்கத்து மானியமும் வராது.

வாசகர்கள் யார் என்பதும் ஊரைப் போலவே கலவை. மாலையில் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடித்து, பேப்பர் பார்க்க வரும் ஆண்கள். பெண்கள் குறைவு. வந்தால் நின்றபடியே ஒரு ரமணிசந்திரனை எடுத்துக்கொண்டு உலை வைக்க ஓடுவார்கள். கொஞ்ச காலமாக ஒடியாவும் இந்தியும் பேசும் இளைஞர்கள் வாசலில் தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க அலமாரியில் ஒன்றும் இல்லை.

இலவசப் புத்தகம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். வீடு மாற்றுகிறவர்கள், பரணைச் சுத்தம் செய்கிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் எல்லாருக்கும் நூலகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அட்டைப்பெட்டியைத் திறந்தால் பாடத்திட்டம் மாறிப்போன கைடுகள், காலாவதியான வருமான வரிக் கையேடு, கேள்வித்தாள் தொகுப்பு, மருந்து கம்பெனி டைரி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு பழைய சமச்சீர் நோட்ஸ் மட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அவற்றை வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கொடுத்தவர் அடுத்த வாரம் வந்து, “எங்க புக்கு எங்க வெச்சிருக்கீங்க?” என்று தேடுவார். அபூர்வமாக அடியில் ஒரு புதையலும் இருக்கும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து, வாரம் தவறாமல் சேர்த்து, காலிகோ துணி போட்டு வீட்டிலேயே பைண்டு செய்த தொகுப்பு. கல்கி இதழில் 1950இலிருந்து 1954 வரை மணியத்தின் ஓவியங்களோடு ஓடிய பொன்னியின் செல்வனை அப்படிக் காப்பாற்றி வைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த மாதிரித் தொகுப்பு வரும் என்ற ஆசைதான் எல்லாப் பெட்டியையும் வாங்க வைக்கிறது. அது ஒரு சூதாட்டம். பெரும்பாலும் தோல்விதான்.

இரண்டு விஷயம் இதில் தெளிவாகும். கொடுக்கிறவர் தனக்கு வேண்டாததைக் கொடுக்கிறார். படிக்கிறவருக்கு வேண்டியதை யாரும் கேட்பதில்லை. கத்தலோனியர் நாளில் இந்தக் குறை இல்லை. அங்கே புத்தகம் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பரிசு. முன்பு ஆண் ரோஜா கொடுப்பார், பெண் புத்தகம் கொடுப்பார். இப்போது அந்தக் கணக்கெல்லாம் போய் எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். வாங்கும்போதே பெறுகிறவரின் முகம் மனசில் இருக்கும்.

லைப்ரரி அக்கா செய்த ஏற்பாடு அதிலிருந்து எடுத்தது. பங்குனி மாதமே பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுத்து, என்ன புத்தகம் வேண்டும் என்று எழுதச் சொல்வார். பேய்க்கதை கேட்பவர்கள்தான் அதிகம். அடுத்தது விண்வெளி. ‘படம் நிறைய இருக்கணும் எழுத்து கம்மியா இருக்கணும்’ என்று எழுதும் நேர்மையாளர்களும் உண்டு. ஒரு பெண் ‘தையல்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். சீட்டுகளைப் பார்த்துப் புத்தகங்களை வரவழைத்து ஏப்ரல் 23 அன்று மேசையில் பரப்புவார். சீட்டுகள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். வருகிறவர் ஒரு சீட்டைப் பிடுங்கி, அதற்கேற்ற புத்தகத்தை மேசையில் காசு கொடுத்து வாங்கி, எழுதிய பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளை பதிலுக்கு ஒரு ரோஜா கொடுக்கும். புத்தகத்தை முதலில் படிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு. படித்து முடித்ததும் அது நூலகத்துக்கு வந்துவிடும். உள்ளட்டையில் ஒட்டும் சீட்டில் இரண்டு பெயர் இருக்கும்: உபயம் இன்னார், முதல் வாசகர் இன்னார். அதன் பிறகு சேர்க்கைப் பதிவேட்டில் எண், ரப்பர் ஸ்டாம்பு, தேதிச் சீட்டு என்று வழக்கமான சடங்குகள்.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஊர் நாம். அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. வசூல் செய்து பார்த்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள்.

கணக்கு இப்படி. தமிழ்ப் பதிப்பகங்கள் விற்பனையாளருக்குக் கழிவு விடும். உதாரணத்துக்கு நூறு ரூபாய்ப் புத்தகம் எழுபதுக்கு வந்தால், அதைத் தொண்ணூறுக்குக் கொடுக்கலாம். சென்னைப் புத்தகக் காட்சி பழக்கிவிட்ட பத்து சதவீதத் தள்ளுபடி இல்லாமல் தமிழ் வாசகர் பர்ஸைத் திறப்பதில்லை. ஸ்பெயினிலும் அப்படித்தான். அங்கே சட்டமே புத்தகத்துக்கு ஒரே விலை என்கிறது. சாதாரண நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது, புத்தக நாளில் பத்து வரை குறைக்கலாம். தொண்ணூறில் எழுபது போக மிச்சம் இருபது ரூபாய் நூலகத்துக்கு. புத்தகமும் நூலகத்துக்கே. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னவரிடம் மட்டுமே அவர் சரக்கு எடுப்பார்.

ரோஜாதான் தொல்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளையும் தாஜ்மகால் ரகம் நீளக் காம்போடு பார்க்க அழகு. பிப்ரவரியில் காதலர் நாளுக்கு வெளிநாடெல்லாம் போகிற பூ. சித்திரை முகூர்த்த வாரத்தில் அதன் விலையைக் கேட்டால் புத்தகத்தையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நாட்டுப் பன்னீர் ரோஜா மலிவு, மணமும் உண்டு, வெயிலில் மத்தியானத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும். அதனால் வசூல் மாலை நாலு மணிக்கு மேல்தான். இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு வயசுப் பையன் நடுத்தெருவில் ஒரு பெண்ணுக்கு ரோஜா நீட்டினால் கத்தலோனியாவில் கைதட்டுவார்கள். சேதராப்பட்டில் பஞ்சாயத்து கூடும். பூவைக் கொடுப்பது பிள்ளைகள் மட்டும் என்று வைத்ததற்குக் காரணம் அதுதான். வாங்கிய பூ அடுத்த நிமிஷம் தலைக்கு ஏறிவிடும். பாட்டிமார்கள் பூவுக்காகவே சீட்டு எடுத்ததும் உண்டு.

கோயில் திருவிழாவில் மைக் பிடித்து, “மேலத்தெரு இன்னார், ஐந்நூற்று ஒன்று” என்று அறிவிப்பார்கள். ஐம்பது கொடுத்தவர் கூட்டத்தில் கரைந்துவிடுவார். இங்கே தொகையைச் சொல்வதில்லை. புத்தகத்தின் பெயரும் பிள்ளையின் பெயரும்தான் மைக்கில் வரும். கியூ.ஆர். அட்டையோடு வந்த பேசும் பெட்டி இந்த ஏற்பாட்டைக் கெடுக்கப் பார்த்தது. யார் பணம் அனுப்பினாலும் ஊருக்கே கேட்கிற மாதிரித் தொகையைக் கத்தும். அதைத் துணி சுற்றி மேசைக்கு அடியில் வைத்தார்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 முதல் இந்தப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கேதான் இருக்கின்றன. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிற தாத்தா, அவர் விதவை, பாரிஸில் பேரன். கொடுக்கிற மனமும் வசதியும் உள்ளவர்கள். ஆனால் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பாட்டி வெளிநாட்டுக் குடிமகள். சேதராப்பட்டு முட்டுச்சந்தில் பிறந்து, ரூபாய் நோட்டாகவே உண்டியலில் போட்டாலும், அந்தச் சட்டப்படிப் பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. ஆரோவில் பக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் வெள்ளைக்காரருக்கும் அதே விதி. “எம் பணத்துல இன்னா தீட்டு?” என்று ஒரு பாட்டி சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கு ஆடிட்டர் பாஷையில் எதைச் சொல்லி விளக்குவது? கடைசியில் அவர் புத்தகக் கடையில் தானே ஒரு புத்தகம் வாங்கி, பக்கத்து வீட்டுப் பேத்திக்கு அவளுக்கே சொந்தமாகக் கொடுத்தார். நூலகக் கணக்கில் அது ஏறவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு விதி உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது. வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பொதுக் காரியம் நடத்துகிறவர்கள் மாலை மரியாதையைவிட முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது நல்ல ஆடிட்டரை.

தேதி விஷயத்துக்கும் வழி செய்தாயிற்று. கையில் காசு இல்லாதவர் சீட்டை எடுத்து, பெயர் எழுதி, புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். காசு அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு மேல். மொய் நோட்டு மாதிரி ஒரு நீள நோட்டில் கடன் ஏறும். வராமல் போகிற கடன் உண்டு, ஆனால் பயந்த அளவு இல்லை. தான் கொடுத்த புத்தகத்தைத் தெருவில் ஒரு பிள்ளை தூக்கிக்கொண்டு நடக்கும்போது, அதற்குக் காசு கொடுக்காமல் டீக்கடையில் உட்கார முடியாது.

திருவிழா நடத்தி நூலகம் கட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற ஊழியரான க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்து, குழு அமைத்து, 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டே நகரசபை ஏற்றுக்கொண்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மேயர் சாம் சபாபதி காலத்தில் பெரிய கட்டடம் வேண்டும் என்று வந்தபோது, களியாட்ட விழா நடத்தினார்கள், இந்தியாவிலிருந்து கலைஞர்களை வரவழைத்தார்கள், லாட்டரி விற்றார்கள். 1954 மார்ச் 29இல் அடிக்கல். ஆலோசனைக்கு எஸ். ஆர். ரங்கநாதன், வரைபடத்துக்குச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1959 அக்டோபர் 11இல் திறப்பு. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் 97,000 புத்தகங்கள் போனது உலகத்துக்குத் தெரியும். அதை மீண்டும் கட்ட 90களில் இலங்கை அரசு தொடங்கிய இயக்கமும் ஆளுக்கு ஒரு செங்கல், ஒரு புத்தகம் என்றுதான் கேட்டது. 

லைப்ரரி அக்கா இந்த வரலாற்றில் கவனிப்பது செல்லப்பாவின் முதல் இரண்டு ஆண்டுகளை. களியாட்டமும் லாட்டரியும் கட்டடம் எழுப்பும். வாடகை அறையின் மாத வாடகையை யார் கொடுத்தார்கள்? எந்தத் திருவிழாவும் அதைக் கொடுக்காது. புத்தகத்துக்குக் கொடுப்பவர் கரண்ட் பில்லுக்குக் கொடுக்க மாட்டார். பில்லில் எந்தப் பிள்ளையின் முகமும் இல்லை.

வில்லியனூர்த் தேரும் மயிலம் பங்குனி உத்திரமும் பார்த்து வளர்ந்தவருக்கு விடை கோயிலிலேயே இருந்தது. பத்து நாள் உற்சவத்தை எந்த ஊரிலும் ஒருவர் நடத்துவதில்லை. முதல் நாள் இன்னார் மண்டகப்படி, இரண்டாம் நாள் இன்ன சங்கத்தார் என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த நாள் தன் குடும்பத்துடையது என்கிற பிடிப்பு தலைமுறைக்கும் போகும். அதேபோல அவர் ஆண்டைப் பன்னிரண்டாகப் பிரித்தார். ஏப்ரல் 23 கூட்டத்திலேயே மாதங்களை ஏலம் விடுவதுபோல அறிவிப்பார். பேரன் பிறந்த மாதம் என்று ஒருவர் ஆவணியைக் கேட்டார். வெல்டிங் பட்டறை நடத்துகிறவர்கள் ஆயுத பூஜை வருகிற மாதத்தை எடுத்துக்கொண்டார்கள். வாடகை, கரண்ட், நாலு தினசரி, பெருக்குகிற அம்மாவுக்குச் சம்பளம் எல்லாம் அந்த மாதத்துக்காரர் பொறுப்பு. வாசல் கரும்பலகையில் அவர் பெயர். கீழே அந்த மாதச் செலவு காசு சுத்தமாக. ஆடியையும் மார்கழியையும் யாரும் தொடவில்லை. அவை வியாபாரம் மந்தமான மாதம், சுப காரியம் இல்லாத மாதம். அந்த இரண்டுக்குத்தான் மேசையில் மிஞ்சும் இருபது ரூபாய்கள் போகின்றன.

கடைசியாக நடந்த வசூலில், வாசலில் தயங்கி நிற்கும் ஒடியாக்காரப் பையன்களில் ஒருவனும் சீட்டு எழுதிக் கயிற்றில் மாட்டினான். படிக்க யாருக்கும் தெரியவில்லை. அவனையே கூப்பிட்டுக் கேட்டால், அரைகுறைத் தமிழில், “கதை, எங்க ஊர் எழுத்து” என்றான். அந்தச் சீட்டை எடுத்தவர் மார்க்கெட்டில் பழக்கடை போட்டிருப்பவர். மேசையில் ஒடியாப் புத்தகம் கிடையாது, அதனால் பணத்தை மட்டும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். நேஷனல் புக் டிரஸ்ட் ஒடியாவிலும் வெளியிடுகிறது. விலையும் கட்டுப்படியாகும். ஆனால் ஒரே ஒரு புத்தகத்துக்கு ஆர்டர் போட்டால் தபால் செலவு புத்தகத்தைத் தாண்டும் என்று லைப்ரரி அக்கா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கடைக்காரர் நோட்டை இழுத்துத் தன் பெயருக்குக் கீழே இன்னும் நாலு புத்தகம் என்று எழுதச் சொன்னார், கடன் கணக்கில். பையன் தன் பெயரையும் போடச் சொன்னான். ஷிப்ட் கூட்டாளிகள் ஆறு பேர் இருக்கிறார்களாம், சம்பளம் பத்தாம் தேதி.